கேஸ் ஷீட்டிலிருந்து தத்துவத்துக்கு: தொழில்வழிச் சிகிச்சையாளர் தன் நடைமுறைத் தத்துவத்தை எழுதும் முறை

தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) படிப்பவர்களிடம், இறுதியாண்டிலோ மேற்படிப்பு விண்ணப்பத்திலோ வேலைக்கான நேர்காணலிலோ, "உங்கள் நடைமுறைத் தத்துவம் என்ன?" என்ற கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். பெரும்பாலோர் அன்றிரவு உட்கார்ந்து, "ஒவ்வொரு நோயாளியையும் முழு மனிதராகப் பார்த்து, அவருடைய தேவைகளை மையமாக வைத்து, ஆதாரங்களின் அடிப்படையில் சிகிச்சை அளித்து, அவர் யாரையும் சாராமல் வாழ உதவுவேன்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை எழுதியவர் நாளைக் காலை வார்டுக்குள் நுழைந்ததும் எதை முதலில் செய்வார், எதைச் செய்யத் தயங்குவார், இரண்டு நல்ல வழிகள் முரண்படும்போது எந்தப் பக்கம் சாய்வார் என்பதை இந்த வாக்கியத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பெயரை மாற்றிவிட்டால் வேறொருவருக்கும் அப்படியே பொருந்தும்.

பல ஆண்டுகளாகப் பயிற்சி மாணவர்களுடன் பணியாற்றியதில் எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. நீங்கள் இதுவரை எடுத்த முடிவுகளுக்குள் உங்கள் தத்துவம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். நூல்கள் மிகவும் தேவை, ஆனால் அவற்றின் முறை இரண்டாவதாக வருகிறது. இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

"தொழில்" என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

நம் துறையின் பெயரைக் கேட்டதும் பல குடும்பங்கள், "எங்க அப்பாவுக்கு இனிமே என்ன வேலைங்க, அவர் ரிட்டயர்டு ஆயிட்டார்" என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேச்சுத் தமிழில் தொழில் என்றால் சம்பாதிக்கும் வேலை. இலக்கணம் அந்தச் சொல்லுக்கு இன்னும் விரிந்த பொருளைக் காத்து வைத்திருக்கிறது. உண்ணல், உடுத்தல், நடத்தல், உறங்கல் எல்லாமே தொழிற்பெயர்கள் என்று பள்ளியிலேயே படித்தோம். நம் துறை கையாளும் தொழிலும் இந்த இலக்கணத் தொழில்தான்: ஒருவருடைய பொழுதையும் மனத்தையும் நிறைத்திருக்கும் எல்லாக் காரியங்களும், பல் துலக்குவது முதல் பேத்திக்குத் தலை பின்னிவிடுவது வரை, அதற்குள் அடங்கும். உங்கள் தத்துவத்தின் முதல் வாக்கியமாக, ஒரு நோயாளியின் மனைவிக்கோ தாய்க்கோ இந்தத் துறை என்ன செய்கிறது என்று எப்படிச் சொல்வீர்களோ அதையே எழுதிப் பாருங்கள். தமிழில் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வரவில்லை என்றால், ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் நீண்ட பத்தியும் இன்னும் உங்களுடையதாகவில்லை என்று கொள்ளுங்கள்.

ஐந்து பேரை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் சிகிச்சை அளித்தவர்களில் ஐந்து பேரைப் பற்றி எழுதுங்கள். பெயரும் அடையாளமும் வேண்டாம். இரண்டு பேர், சிகிச்சை நன்றாகப் போனது என்று நீங்கள் நினைப்பவர்கள். இரண்டு பேர், மனத்தில் உறுத்திக்கொண்டே இருப்பவர்கள். ஒருவர், ஏன் என்று தெரியாமலேயே மறக்க முடியாதவர். பயிற்சி மாணவராக இருந்து ஐந்து பேர் தேறவில்லை என்றால் இரண்டு பேர் போதும். ஒவ்வொருவருக்கும் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்தீர்கள், யாரிடம் முதலில் பேசினீர்கள், எதை அளந்தீர்கள், இலக்கை எழுதியது யார், கேஸ் ஷீட்டில் என்ன சொற்களைப் போட்டீர்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். விளக்கம் வேண்டாம், நியாயப்படுத்தலும் வேண்டாம்.

என் ஐவரில் உறுத்திக்கொண்டே இருப்பவர் ஒரு மளிகைக் கடைக்காரர். அறுபதை நெருங்கிய வயது, வலப்பக்கப் பக்கவாதம், பேச்சு சற்றே குழறியது, நோய் வந்து மூன்றாவது மாதத்தில் புறநோயாளியாக வந்தார். நான் வழக்கப்படி, அன்றாடச் செயல்களை ஒருவர் எந்த அளவுக்குத் தானே செய்கிறார் என்று அளக்கும் பார்த்தல் குறியீட்டை (Barthel Index) போட்டேன். 1965-இல் மஹோனியும் பார்த்தலும் வெளியிட்ட அந்த அளவுகோலில் உண்பதற்குத் தானாகச் செய்தால் 10, உதவியுடன் செய்தால் 5, முடியாவிட்டால் 0. பத்து செயல்களுக்கும் சேர்த்து மொத்தம் 100. அவருக்கு உண்பதில் 5 வந்தது. ஆகவே முதல் இலக்காக, பருமனான கைப்பிடி வைத்த ஸ்பூனால் இடது கையில் தானே உண்பது என்று எழுதினேன். இரண்டே வாரத்தில் எங்கள் சிகிச்சை அறையில் அவர் அதைச் செய்து காட்டினார். வீட்டில் மட்டும் மனைவிதான் ஊட்டிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை; மனைவிதான், "பீச்சாங்கையால சாப்பிடச் சொன்னா கண்ணு கலங்கிடுறாருங்க மேடம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு, கேஸ் ஷீட்டில் "ஒத்துழைப்பு குறைவு" என்று எழுதினேன்.

நான்காவது வாரம் மனைவிக்குப் பதிலாக மகன் அழைத்து வந்தான். பேச்சுவாக்கில், "நான் கல்லாவுல உக்காந்ததுல இருந்து அப்பா கடைப் பக்கமே வர்றதில்லைங்க" என்றான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றுதான் முதன்முறையாக, கடையைத் திறந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சாம்பிராணி போடுவது, கல்லாவைத் திறப்பது, சில்லறையை ரூபாய் வாரியாகப் பிரித்துக் கிண்ணங்களில் போடுவது, நேற்றைய கடன் கணக்கைப் புரட்டுவது என்று, நின்று நின்று, ஐந்து நிமிடம் பேசினார். அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் அவர் பேசியதைக் கூட்டினாலும் அவ்வளவு வராது.

மறுநாள் முதல், துளைகளில் முளைகளைச் செருகிக் கையைப் பழக்கும் பெக் போர்டை ஓரமாக வைத்துவிட்டு மேசை டிராயரை எடுத்துக்கொண்டோம். நாணயத்தை விரல்களால் கிள்ளி எடுப்பதற்குப் பதிலாக, இடது உள்ளங்கையின் ஓரத்தால் மேசை விளிம்பு வரை தள்ளி, விளிம்பில் வைத்த கிண்ணத்துக்குள் விழ வைத்தார். நோட்டுக் கட்டின் ஒரு முனையில் எடைக்கல்லை வைத்து, ஈரப் பஞ்சில் இடது கட்டைவிரலைத் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினார். தோளிலும் முழங்கையிலும் சற்று அசைவு திரும்பியிருந்த வலது கையைக் கணக்கு நோட்டின் மேல் ஊன்றி, இடது கையால் எழுதும்போது நோட்டு நகராமல் பிடித்துக்கொண்டார். மூன்று வாரங்களாக "கையை வேலை வாங்குங்கள்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அதே கைக்கு, யாரும் சொல்லாமலேயே வேலை கிடைத்தது. கடையில் கல்லாவை இடது பக்கத்துக்கு மாற்றச் சொன்னோம், மகன் மாற்றினான். இரண்டு மாதத்தில் தினமும் காலை இரண்டு மணி நேரம் கடையில் உட்கார்ந்தார். உணவை இன்னும் மனைவிதான் ஊட்டினார். பார்த்தல் குறியீட்டில் அந்த 5 மாறவே இல்லை.

இப்படி எழுதிய பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்து, நீங்கள் எதை உண்மை என்று எடுத்துக்கொண்டு செயல்பட்டீர்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். நான் மூன்று குறிப்புகள் எழுதினேன். தானே உண்பதுதான் முதலில் மீட்க வேண்டிய காரியம் என்று அவரைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறேன். அளவுகோலில் இருக்கும் செயல்கள்தான் முக்கியமான செயல்கள் என்று நம்பியிருக்கிறேன். என் இலக்கை ஏற்காதவர் ஒத்துழைக்காதவர் என்று கருதியிருக்கிறேன். இந்த மூன்றும்தான் அன்றைக்கு என் உண்மையான தத்துவம். என் விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்த தத்துவத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆய்வாளர்கள் கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் 1974-இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள்: மனிதர்கள் பின்பற்றுவதாகச் சொல்லும் கோட்பாடு ஒன்று, செயலில் ஓடும் கோட்பாடு வேறொன்று, இரண்டும் விலகியிருப்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

ஐந்து பேருக்கும் இந்த வேலையைச் செய்ய ஒரு வாரம் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

மூன்று கேள்விகள்

சேர்த்த குறிப்புகளை மூன்று கேள்விகளின் கீழ் அடுக்குங்கள். மனிதரைப் பற்றியும் செயலைப் பற்றியும் நான் என்ன நம்புகிறேன்? எனக்குத் தெரியும் என்று சொல்வது எப்படித் தெரிந்தது? எதை நான் மேலாக மதிக்கிறேன்? மெய்யியலார் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கேள்விகளே போதும்.

முதல் கேள்விக்கு நம் துறையின் தொடக்கக் காலத்தைப் படிப்பது உதவும். 1917 மார்ச் 15 அன்று நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில், ஜார்ஜ் பார்ட்டன் என்பவரின் வீட்டில் சிலர் கூடி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சைச் சங்கத்தின் வேர் அதுதான். பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயும் கால் விரல் நீக்கமும் உடலின் இடப்பக்கச் செயலிழப்பும் கண்டவர். அந்த வீட்டில் தோட்ட வேலையும் மரவேலையும் செய்தே தன்னைத் தேற்றிக்கொண்டவர். ஆக, இந்தத் துறையை நிறுவியவர்களில் ஒருவர் நோயாளி. 1921-இல் மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் ஆற்றிய உரை மறு ஆண்டு அச்சில் வந்தது. வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் என்ற நான்கின் தாளம் கெடும்போது மனிதர் நோயுறுகிறார் என்றும், நாம் கொடுக்க வேண்டியது மருந்துச் சீட்டைப் போன்ற கட்டளைகளைவிட வாய்ப்புகளே என்றும் அவர் சொன்னார். 1961-இல் தொழில்வழிச் சிகிச்சையாளர் மேரி ரைலி அதை இன்னும் கூர்மையாக்கி, மனமும் விருப்பமும் இயக்கும் தன் கைகளைக் கொண்டு மனிதர் தன் உடல்நலத்தின் நிலையையே மாற்ற முடியும் என்பதை நம் துறையின் அடிப்படைக் கருதுகோளாக முன்வைத்தார். அவர் அதைக் கருதுகோள் என்றுதான் வைத்தார், வேதவாக்காக வைக்கவில்லை. உங்கள் ஐந்து பேரை இந்த வரிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு நோட்டின் மேல் ஊன்றிய அந்த வலது கைக்குப் பிறகு ரைலியின் கருதுகோளை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அதிலுள்ள "விருப்பம்" என்ற சொல்லை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள். "ஆதாரங்களின் அடிப்படையில்" என்று எழுதுவது எளிது. பக்கவாதத்துக்குப் பின் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுப் பாதித்த கையைத் தீவிரமாகப் பயிற்றும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் வெளியான எக்ஸைட் ஆய்வு, நோய் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் இதைச் சோதித்தது. இரண்டு வாரங்கள், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி உறை, வேலை நாட்களில் பல மணி நேரப் பயிற்சி. வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களின் கைச் செயல்பாடு நன்றாக முன்னேறியது. வலுவான ஆதாரம்தான். ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தானாக நீட்ட முடிந்தவர்களையே அந்த ஆய்வில் சேர்த்தார்கள். உங்கள் முன் உட்கார்ந்திருப்பவரின் விரல்கள் மடங்கியே இருந்தால் அவர் அந்த 222 பேரில் ஒருவராக இருந்திருக்க முடியாது. அவரால் வாரத்துக்கு ஒரு முறைதான் பேருந்து பிடித்து வர முடியும் என்றால், அந்தப் பயிற்சியின் அளவும் அவருக்குக் கிடைக்காது. ஆகவே ஆதாரத்தை எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று எழுதும்போது, ஆய்வில் இருந்தவர்கள் யார், என் முன் இருப்பவர் யார், இடைவெளி எவ்வளவு, அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புகிறேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நிரப்புவது உங்கள் அனுபவமா, மூத்தவர் சொன்னதா, நோயாளியே சொன்னதா என்பதை மறைக்காதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு செய்தியும் உண்டு. மானுடவியலாளர் செரில் மேட்டிங்லியும் சிகிச்சையாளர் மவ்ரீன் ஃபிளெமிங்கும் அமெரிக்க மருத்துவமனையொன்றில் நம் துறையினரை நெடுநாள் கவனித்து 1994-இல் எழுதினார்கள். உடலைப் பற்றியும் நுட்பத்தைப் பற்றியும் செய்தவை பதிவேட்டில் ஏறின. நோயாளியின் வாழ்க்கையைப் பற்றிப் பேசியது, அவருடைய வருங்காலத்தை அவரோடு சேர்ந்து கற்பனை செய்தது எல்லாம் பதிவாகாமல் அடியில் ஓடின. அவர்கள் அதைத் தலைமறைவு நடைமுறை என்றே குறிப்பிட்டார்கள். கடைக்காரரோடு பேசிய அந்த ஐந்து நிமிடத்தை என் கேஸ் ஷீட்டில் தேடினால் இன்றும் கிடைக்காது. "உட்கார்நிலைச் சமநிலை முன்னேற்றம்" என்று மட்டும் இருக்கும்.

மதிப்புகளை எழுதும்போது மட்டும் மெதுவாகச் செல்லுங்கள்

மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் முதலில் எழுதும் விடை, யாரையும் சாராத வாழ்வு. இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அப்படியே தள்ளவும் கூடாது. நம் துறையின் பல அடிப்படைக் கருத்துகள் மேலை நாடுகளின் நடுத்தர வர்க்க வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டு எல்லா மனிதருக்கும் பொதுவாக்கப்பட்டவை என்று நம் துறை ஆய்வாளர் கேரன் வேலி ஹாமெல் தொடர்ந்து எழுதிவருகிறார். சுயபராமரிப்பு, உற்பத்தி, பொழுதுபோக்கு என்று செயல்களை மூன்றாகப் பிரிப்பதையும் அவர் கேள்விக்கு உட்படுத்துகிறார். ஒரு பாட்டி பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டே கீரை ஆய்வதை அந்த மூன்றில் எதில் போடுவீர்கள்? ஜப்பானியச் சிகிச்சையாளர்களோடு சேர்ந்து மைக்கேல் இவாமா உருவாக்கி 2006-இல் வெளியிட்ட காவா மாதிரி, வாழ்க்கையை ஆறாகப் பார்க்கிறது. பாறைகள் சிக்கல்களைக் குறிக்கின்றன, கரையும் படுகையும் சூழலையும் சுற்றியுள்ள மனிதர்களையும், மிதந்து வரும் கட்டைகள் ஒருவரின் இயல்புகளையும் கையிருப்புகளையும். சிகிச்சையாளர் இவற்றுக்கு இடையே நீர் ஓடும் வழிகளை அகலப்படுத்துகிறார். தனி மனிதரை நடுவில் நிறுத்தாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் முயற்சி அது. நம் ஆறுகள் பலவற்றில் ஆண்டின் பாதி நாட்கள் நீர் இருப்பதில்லை என்பதால், நான் இந்தப் படத்தை நோயாளிகளிடம் பயன்படுத்துவதில்லை. என் சிந்தனைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும், நம் பண்பாட்டில் சார்ந்து வாழ்வது இயல்பு, ஆகவே வீட்டார் ஊட்டிவிடுவதில் தவறில்லை என்று எழுதிவிடும் ஆசை வரும். எனக்கும் வந்தது, எழுதியும் வைத்தேன். ஆறு மாதம் கழித்து அந்தக் கடைக்காரரின் மனைவியே தோள் வலியோடு பிசியோதெரபிப் பிரிவின் வரிசையில் நின்றார். மூன்று வேளையும் ஊட்டி, குளிப்பாட்டி, பிடித்துத் தூக்கி, அவருடைய நாளில் வேறெதற்கும் இடம் இருந்திருக்கவில்லை. வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. சார்ந்திருப்பது இயல்பு என்று நாம் எழுதும்போது, யார்மீது சார்ந்திருக்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருக்கிறார். உங்கள் தத்துவத்தில் பராமரிப்பவருக்கு ஒரு வாக்கியமாவது இல்லையென்றால் அது முடியவில்லை என்றே சொல்வேன்.

நம் மண்ணிலேயே நடந்த ஒன்றையும் படித்துப் பாருங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநார் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை நிமிர்ந்தது. ஆனால் ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வேலை தர ஆள் இல்லை. அதன் பிறகே, 1950-களின் தொடக்கத்தில், அவர்கள் தங்கி மரவேலை போன்றவற்றைக் கற்றுக்கொள்ளும் புதுவாழ்வு மையம் அங்கே உருவானது. அதே ஊரில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் வளர்ந்தது. இந்தியாவில் நம் துறையின் முதல் பள்ளியைக் கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கினார். 1952-இல் தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆகவே இந்தத் துறையை நேற்று இறக்குமதியான ஒன்றாக நினைத்துக்கொண்டு எழுத வேண்டாம். வேலூரில் கை நிமிர்ந்தும் வேலை கிடைக்காமல் நின்றவர்கள் கேட்ட கேள்வி இன்றும் உங்கள் அறையில் இருக்கிறது.

மாதிரியும் தத்துவமும் வேறு

"என் தத்துவம் மோஹோ" என்று எழுதும் மாணவர்கள் உண்டு. மோஹோ என்பது Model of Human Occupation என்ற மாதிரியின் சுருக்கப் பெயர். கேரி கீல்ஹோஃப்னரும் உடன் பணியாற்றியவர்களும் 1980-இல் முன்வைத்த அந்த மாதிரி விருப்பம், பழக்கம், செயல்திறன், சூழல் என்று பார்க்கக் கற்றுத் தருகிறது, நல்ல கருவி. புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்த ஊஞ்சல் போன்றவற்றைக் கொண்டு உதவும் ஜீன் ஏர்ஸின் புலன் ஒருங்கிணைப்பு அணுகுமுறை குழந்தைகளுடன் பணியாற்றுவோருக்கு இன்னொரு கருவி. கருவியை ஏன் எடுத்தீர்கள் என்பதற்கான விடைதான் தத்துவம். ஊஞ்சல் இருக்கும் அறைக்குள் வரும் எல்லாக் குழந்தையையும் ஊஞ்சலில் ஏற்றுகிறீர்கள் என்றால், முடிவெடுப்பது நீங்கள் இல்லை, ஊஞ்சல்.

எழுதும் முறை

ஒரு பக்கம் போதும். முந்நூறு முதல் நானூறு சொற்கள். ஒவ்வொரு நம்பிக்கையையும் எழுதியவுடன் "ஆகவே நான்" என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தில் பிறர் பார்க்கக்கூடிய ஒரு செயல் இருக்க வேண்டும். "நான் நோயாளியை மையமாகக் கொண்டு செயல்படுகிறேன்" என்பதற்குப் பதிலாக நான் இப்போது எழுதியிருப்பது இது:

"ஒருவருடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமல் அவருக்கு இலக்கு எழுத எனக்கு உரிமை இல்லை என்று நம்புகிறேன். ஆகவே நான் முதல் சந்திப்பில், கையை அளப்பதற்கு முன், நோய் வருவதற்கு முந்தைய ஒரு சாதாரண நாளை விடிந்ததிலிருந்து படுக்கும் வரை சொல்லச் சொல்கிறேன். பேச இயலாதவர் என்றால் வீட்டாரிடம் கேட்டு, அவரிடம் தலையசைப்பில் உறுதி செய்துகொள்கிறேன். உடன் வந்தவரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறேன்."

"ஒருவர் நான் சொன்னதைச் செய்ய மறுத்தால், அவர் காத்துக்கொள்ள நினைக்கும் ஏதோ ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆகவே நான் கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவதில்லை. எதை மறுத்தார், என்ன காரணம் சொன்னார், அடுத்து நான் எதை மாற்றினேன் என்று எழுதுகிறேன்."

முழுமையான, தரமான, சிறந்த, நோயாளி மைய என்பன போன்ற சொற்களை முதல் வரைவில் அடியோடு தவிர்த்துவிடுங்கள். அவை நல்ல சொற்கள்தான். ஆனால் எழுதுபவர் யோசிப்பதை நிறுத்தும் இடத்தில் தாமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நீங்கள் செய்ய மாட்டாத ஒன்றிரண்டு காரியங்களையும் எழுதுங்கள். பெற்றோர் வற்புறுத்தினாலும் அழுகிற குழந்தையைப் பிடித்து வைத்துப் பயிற்சி கொடுக்க மாட்டேன் என்று எழுதும்போது, அடுத்த முறை அந்தச் சூழ்நிலை வந்தால் என்ன மாற்று வழி தருவீர்கள் என்றும் யோசித்தாக வேண்டும். அந்த யோசனைக்காகவே இந்தப் பயிற்சி.

பதினைந்து நிமிடச் சோதனை

எழுதியதை இரண்டு இடங்களில் உரசிப் பார்க்க வேண்டும். கடந்த மாதத்தின் கேஸ் ஷீட்டுகளில் பத்தை, பொறுக்காமல், வரிசையாக எடுங்கள். உங்கள் தத்துவத்தில் "ஆகவே நான்" என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், இந்தப் பத்தில் எத்தனையில் அது நடந்திருக்கிறது என்று எண்ணுங்கள். முதல் முறை எண்ணியபோது எனக்கு இரண்டு வந்தது. இரண்டு வந்தால் தத்துவத்தைத் திருத்துவதா, நடைமுறையைத் திருத்துவதா என்று அந்த இடத்தில்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுத் தாளை மடித்து வைப்பது மட்டும் கூடாது.

அடுத்தது, நேரம். நாற்பது பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம்தான் என்றால் உங்கள் வாக்கியங்களில் எது மிஞ்சும்? "இங்கே அதெல்லாம் முடியாது" என்று மூத்தவர்கள் சொல்வது சோம்பலால் என்று நினைக்காதீர்கள். அவர்கள் பல ஆண்டுகளாக அந்த வரிசையைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பதினைந்து நிமிடத்திலும் ஒரு கேள்வி கேட்கலாம். கையை நீட்டி மடக்கப் பிடித்திருக்கும் நேரத்திலேயே, "வீட்டில் இப்போது செய்ய முடியாமல் போன வேலைகளில் எது உங்களுக்கு அதிகமாக வலிக்கிறது?" என்று கேட்டு, விடையைக் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் ஒரே வரியில் எழுதிவிட்டால், அடுத்த முறை வேறொருவர் பார்த்தாலும் அந்த வரி அவர் கண்ணில் படும். மருத்துவரின் பரிந்துரையில் "கைப் பயிற்சி" என்று மட்டும் இருந்தால், அதைச் செய்துகொண்டே, திருப்பி அனுப்பும் குறிப்பில் அந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை எந்த மருத்துவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை, சிலர் அடுத்த முறை, "அந்தக் கடைக்காரர் கடைக்குப் போகிறாரா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

எழுதியதைச் சக சிகிச்சையாளர் ஒருவரிடம் கொடுத்து, "நான் இதன்படி நடக்காத ஒரு நாள் உனக்கு நினைவிருக்கிறதா?" என்று கேளுங்கள். பாராட்டு கேட்டால் பாராட்டு கிடைக்கும்; இந்தக் கேள்விக்குத்தான் பயனுள்ள விடை வரும்.

மறுபடி எழுத வேண்டிய நேரங்கள்

தாளின் மேலே தேதி போட்டு வையுங்கள். குழந்தைகள் பிரிவிலிருந்து மனநலப் பிரிவுக்கோ, மருத்துவமனையிலிருந்து வீடு வீடாகச் செல்லும் பணிக்கோ மாறும்போது மூன்று மாதம் கழித்து மீண்டும் எழுதுங்கள். முதல் வாரத்தில் எழுதினால் பழைய இடத்தின் கண்ணோடுதான் எழுதுவீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் நோயுற்றுப் பராமரிப்பவராக நீங்கள் மாறினால், அப்போதும் எழுதுங்கள். பழைய தாள்களைக் கிழிக்காமல் ஒரே உறையில் போட்டு வையுங்கள். என் உறையில் நான்கு தாள்கள் இருக்கின்றன. முதல் தாளில் "சார்பற்ற" என்ற சொல் ஏழு முறை வருகிறது. கடைசித் தாளில் அது ஒரே ஒரு முறை, அந்தத் தையல்காரப் பெண்மணியைப் பற்றிய வாக்கியத்தில், வாரத்தில் இரண்டு பிற்பகல்களாவது அவருக்கு வேண்டும் என்று எழுதியிருக்கும் இடத்தில் வருகிறது.